நூல் சுற்றிய பஞ்சு

3.6.1996, திங்கள்

தரை கழுவும் மெஷினுக்கு இன்று சர்வீஸ். முன்னால் பிரஷ் சுற்றித் தேய்க்கும். பின்னால் இருக்கும் ரப்பர் பட்டை அழுக்குத் தண்ணீரை ஒதுக்கும். அதை வேக்குவம் மோட்டார் குழாய் வழியாக உறிஞ்சி டேங்கில் சேர்க்கும். உறிஞ்சாவிட்டால் அது வெறும் தண்ணீர் தெளிக்கிற வண்டிதான்.

மோட்டாருக்குக் கார்பன் பிரஷ் மாற்றினேன். டேங்க் மூடிக்குப் புது ரப்பர் வளையம் போட்டேன். பில்டரைக் கழுவினேன். கழற்றிய குழாயின் வாயைக் கழிவுப் பஞ்சால் அடைத்து வைத்தேன். இந்த மில்லில் எதைத் திறந்து வைத்தாலும் பத்து நிமிஷத்தில் பஞ்சுத் தூசி ஏறிவிடும். மற்ற பிட்டர்கள் பஞ்சை அப்படியே திணிப்பார்கள். நான் உருட்டி, நூல் சுற்றி, முடிச்சுப் போட்டு வைப்பேன். இந்தச் சமுத்திரம் வேலை என்றால் அப்படி.

நடுவில் மேனேஜர் காளிராஜ் சார் வேறு வேலைக்குக் கூப்பிட்டார். போய்வந்து அவசரமாக மாட்டிக் கொடுத்தேன். நன்றாக ஓடியது.

11.6.1996, செவ்வாய்

மெஷினை ஓட்டும் மாடத்தி ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டாள். "அண்ணாச்சி, சத்தம் மாறிருக்கு. கீச்சுன்னு ஏறுது. பின்னாடி ஈரமும் நிக்குது. செத்த நேரம் வந்து பாருங்க."

எல்லோரும் இருந்தார்கள். "ஏட்டி, நீ எப்ப மெஷினுக்கு டாக்டரான?" என்றேன். நல்ல சிரிப்பு. அவளும் சிரித்த மாதிரி செய்துவிட்டுப் போனாள்.

14.6.1996, வெள்ளி

கோனில் நூல் சுற்றும் வைண்டிங் பகுதியில் வேலை பார்க்கும் வெள்ளத்தாய் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. மெஷின் போன தடத்தில் தண்ணீர்.

15.6.1996, சனி

மெஷினைப் பார்த்து எழுதிக் கொடுக்கச் சொன்னார் காளிராஜ் சார். மூடி சரி, பில்டர் சரி, மோட்டார் சரி. ரப்பர் பட்டைக்குக் கீழே கை வைத்தேன், இழுத்தது. கொஞ்சம் குறைவோ? குழாயைக் கழற்றவில்லை. பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தானே நானே மாட்டினேன், அதில் என்ன இருக்கப்போகிறது?

'மெஷினில் குறை இல்லை. ஓட்டியவர் பட்டையைச் சரியாக இறக்காமல் ஓட்டியிருக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாடத்தி நிரந்தரம் ஆகவில்லை, தற்காலிகம்தான். திங்கள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கேட்டில் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

29.6.1996, சனி



மெஷினில் இப்போது வேறொரு ஆள். அவரும் தண்ணீர் நிற்கிறது என்றார். ஆம்பளை சொன்னதும் நான் உடனே போய்க் குழாயைக் கழற்றினேன் — இதையும் எழுதத்தான் வேண்டும். மேல் வளைவில் ஒரு அடைப்பு. கம்பியால் இழுத்தேன். களிமண் மாதிரி கறுத்துப்போன பஞ்சு. அலசினால் உள்ளே நூல். நூலில் முடிச்சு.

என் முடிச்சு.

மாட்டும்போது எடுக்க மறந்திருக்கிறேன். உறிஞ்சி மேலே போய் வளைவில் உட்கார்ந்து, நாளுக்கு நாள் தூசி சேர்ந்து அடைத்திருக்கிறது. காற்றுப் போக வழி குறைந்தால் மோட்டார் சத்தம் ஏறும். பதினெட்டு வருஷம் பிட்டர் வேலை பார்க்கிற எனக்குத் தெரியாதா? அவள் காதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். நான் சிரிக்க வைத்தேன்.

யாரும் பார்க்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

30.6.1996, ஞாயிறு

துணி துவைக்கும்போது அய்யம்மாள் கையில் அகப்பட்டுவிட்டது. "இது நீங்க சுத்துறதுல்லா? பையில எதுக்கு வச்சிருக்கீக?"

மனைவியிடம் பொய் சொல்லவும் நாக்கு எழவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துவைப்பதை நிறுத்தவில்லை. கடைசியில், "அந்தப் பொம்பள இப்ப எங்க வேலைக்குப் போறா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். அதுகூடத் தெரியாது எனக்கு.

4.7.1996, வியாழன்

சொல்லவில்லை.

5.7.1996, வெள்ளி

இன்றும் இல்லை. காளிராஜ் சார் அறை வரை போய், ஸ்பேனர் செட் வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

7.7.1996, ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். மடவார் வளாகத்தில் கோயிலுக்குப் பின்னால் மாடத்தி வீடு. வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "வாங்க அண்ணாச்சி" என்று எழுந்தாள். டீ வாங்கிவர மகளை அனுப்பினாள்.

அடுத்த தெருதான் வெள்ளத்தாய் வீடு. இருவரும் தினமும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்தவர்கள். "கையப் பாக்கப் போனேன். மொகத்தத் திருப்பிக்கிட்டா. அவளுக்கு வலி, அவ என்ன செய்வா" என்றாள். பிறகு, "நீங்க மேனேஜர்ட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி. நான் பட்டைய இறக்கித்தான் ஓட்டுனேன். கோயில்ல வந்து வேணும்னாலும் சொல்லுதேன்."

நான் டீயைக் குடித்தேன். சொல்கிறேன் என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

சீ! என்ன மனுசன்டா நீ? அவ கையால வாங்கிக் குடிச்சிட்டு வாரியே, தொண்டைக்குள்ள எப்படிடா எறங்குச்சு? அந்தப் பஞ்சு பையிலதானே இருந்துச்சு?

8.7.1996, திங்கள்

காலையில் பஞ்சைக் காளிராஜ் சார் மேஜையில் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் வாய் வந்தது.

அவர் கதவைச் சாத்தினார். "பேப்பர்ல எல்லாம் வேண்டாம்யா. அந்தம்மாவத் திரும்ப வரச் சொல்லிருவோம். நீரு ஏன் பேரக் கெடுத்துக்கிடுதீரு?"

ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். பிறகு நினைத்துப் பார்த்தேன். அப்படி வந்தால் அவள் மன்னிப்புப் பெற்று வந்தவளாகத்தான் இருப்பாள். வெள்ளத்தாய் அப்போதும் வேறு சீட்டில்தான் உட்காருவாள். ஒரு தாள் வாங்கி எழுதினேன். 'பஞ்சு என்னுடையது. மாடத்தி 11ஆம் தேதியே சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை.' கையெழுத்து கோணலாக விழுந்தது.

9.7.1996, செவ்வாய்

ஷிப்ட் முடிந்து மறுபடி மடவார் வளாகம். இன்று உட்காராமலே சொன்னேன்.

மாடத்தி முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அன்னைக்கு டீ குடிச்சீகளே அண்ணாச்சி, அப்பமே தெரியுமா?"

"தெரியும்."

உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருக்கலாம்.

வெள்ளத்தாய் வீட்டுக்கும் போனேன். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "என்னைய விடுங்க, எலும்பு கூடிரும். அவள நான் எம்புட்டுப் பேசிட்டேன்!" என்று அழுதாள். எனக்கு நிற்க இடம் தெரியவில்லை.

15.7.1996, திங்கள்

மெமோ வந்துவிட்டது. ஒர்க்‌ஷாப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி சாதாரண பிட்டர். மதியம் யாரும் என் பக்கத்தில் சிரிக்கவில்லை. அதுவே நல்லது.

மாடத்தி இன்று வந்தாள். ஓட்டுவதற்கு முன் குழாயைத் தானே கழற்றினாள். இடுப்புப் பையிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்தாள். "அந்தப் பக்கத்தப் பிடிங்க." பிடித்தேன். பாக்கை இந்த முனையில் போட்டாள். வளைவெல்லாம் உருண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. வாங்கிக்கொண்டு குழாயை மாட்டினாள். அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

வைண்டிங்கே பார்த்தது.

16.7.1996, செவ்வாய்

இன்றும் பாக்கு.

2.9.1996, திங்கள்

வெள்ளத்தாய் வேலைக்கு வந்துவிட்டாள். இருவரும் ஒரே சீட்டில் வந்ததாகக் கேள்வி. எனக்கு இன்றும் பாக்கு. தினமும் காலை ஆறு மணிக்கு எல்லோர் முன்னாலும் கையை நீட்டி நிற்கிறேன். ஒருநாள்கூட அவள் மறந்ததில்லை.

3.2.1997, திங்கள்

நேற்று மெஷினைப் பிரித்து மோட்டாரைத் துடைத்தேன். பஞ்சு உருட்டி நூல் சுற்றிக் குழாயை அடைத்தேன், பழக்கம் விடுமா? துடைத்து முடித்ததும் குழாயை மாட்டினேன்.

காலையில் மாடத்தி வந்தாள். பாக்கை எடுக்கவில்லை. நேரே சுவிட்சில் கை வைத்தாள். நான் கை நீட்டி நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்க பாத்திருப்பீகள்லா, அண்ணாச்சி" என்றாள்.

எத்தனை மாதம் கழித்து அந்த அண்ணாச்சி! ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பஞ்சை எடுத்தேனா? எடுத்ததாகத்தான் நினைவு. வைண்டிங் ஆட்கள், வெள்ளத்தாய், காளிராஜ் சார்கூட அந்தப் பக்கம் நின்றார்.

"இல்ல மாடத்தி, பாக்கல" என்றேன்.

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு பையிலிருந்து பாக்கை எடுத்து, குழாயில் போடாமல், என் கையில் கொடுத்தாள்.

"அப்ப நீங்க போடுங்க. நான் பிடிக்கேன்."

குழாயைக் கழற்றி, பாக்கைப் போட்டேன். பாதியில் நின்றுவிட்டது.