பரங்கிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினேன்

அன்புள்ள மகன் சிவநாதனுக்கு, கோவில்பத்திலிருந்து அம்மா எழுதுவது. கயிலாசநாதர் தயவில் நானும் அப்பாவும் உன் தங்கை தமிழ்மொழியும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் அனெத்தும் சௌக்கியமா என்றுதான் எப்போதும் கேட்பேன். இந்தத் தடவை அனெத் சௌக்கியமா என்று மட்டும் கேட்கிறேன், உன் சௌக்கியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முந்தின வெள்ளிக்கிழமை காலையில் நம் கொல்லையில் ஒன்று நடந்தது. அம்மா எதையாவது சொல்லும் என்று நீ தள்ளிவிடுவாய் என்பதால், அப்போது யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான். கையில் போனுடன் உன் அப்பா. ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்ற தமிழ்மொழி. மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்ற பக்கத்து வீட்டு சஃபியா. புடலைப் பந்தலுக்குக் கயிறு மாற்ற வந்த செல்லக்கண்ணு. இந்த ஐந்து பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் விளக்கேற்றிக் கும்பிட்டு, தாயே இது உன்னைச் சோதிப்பதற்கு இல்லை என்று அம்பாளிடம் சொல்லிவிட்டு வந்து, பரங்கிக் கொடியில் இருந்த பிஞ்சுகளிலேயே நல்லதாக ஒன்றைப் பார்த்து, ஆள்காட்டி விரலை நன்றாக நீட்டிச் சுட்டிக் காட்டினேன். எனக்குப் புத்தி தெரிந்த நாளிலிருந்து பிஞ்சை விரல் மடக்கித்தான் காட்டியிருக்கிறேன், விரல் நீட்டினால் அழுகிவிடும் என்று உனக்கும் அடித்துச் சொல்லித்தான் வளர்த்தேன். செல்லக்கண்ணு கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, “யக்கா, என்னக்கா பண்றீங்க, நல்லா வந்த கொடிய நீங்களே கெடுக்குறீங்களே” என்று ஓடி வந்தான். சஃபியா, “காலங்காத்தாலயே வெயிலு தலைக்கு ஏறிப்போச்சாக்கா ஒங்களுக்கு” என்றாள். உன் அப்பா மட்டும், “இன்னொரு தடவ காட்டு நீலா, போட்டோவுல விரலு சரியா விழல” என்றார். அவருக்காக இன்னொரு தடவையும் காட்டினேன்.

இதை எதற்காகச் செய்தேன் என்று உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்காதே. ஆவணிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லோரும் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, லில் நகரத்தில் உங்கள் கண்ணாடி பால்கனியில் பீர்க்கங்கொடி முதன்முதலாகப் பிஞ்சு விட்டிருப்பதை அனெத் காட்டினாள். போன வருஷம் போட்ட கொடி பூத்துப் பூத்துக் கொட்டிப்போனது. அந்தப் பெண் சந்தோஷத்தில் விரலை நீட்டி, “மாமி, இங்க பாருங்க” என்றாள். நான், “ஐயையோ, விரல நீட்டாதம்மா, அழுகிடும்” என்று வாய் தவறிக் கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தோம், அவளும்தான் சிரித்தாள். அதோடு போயிருக்கும். ஆனால் அடுத்த வாரம் பிஞ்சு மஞ்சளடித்து அழுகியபோது நீ என்ன செய்தாய்? போனில் எங்கள் எல்லோர் முன்னாலும், “அம்மா சொன்னது பலிச்சிடுச்சு பாருங்க, இவ கைராசி அப்படி” என்று பெரிய வேடிக்கை போலச் சொன்னாய். அவள் எழுந்து போய்விட்டாள். நீ உடனே உரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். அன்று முதல் அவள் எங்களோடு பேசவில்லை. கேட்டால் வேலை என்கிறாய், தலைவலி என்கிறாய், தூங்குகிறாள் என்கிறாய், அந்த ஊரில் மனிதர்கள் இவ்வளவு நேரமா தூங்குவார்கள்?

அவள் தமிழ்மொழிக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள். மாசி மாதம் அவளுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்ததைத் தமிழ்மொழி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. “அதுவும் என் கையாலதானா, மாமி அதத்தான் சொன்னாங்களா” என்று கேட்டாளாம். சிவநாதா, உன்னை ஒன்று கேட்கிறேன். நீ எனக்கு எத்தனை செய்தி அனுப்புகிறாய்! ஊதா விளக்குக்குக் கீழே கத்திரி நாற்று எத்தனை இலை விட்டது, பால்கனியில் ராத்திரி எத்தனை டிகிரி, நம்மூரில் லாரி லாரியாகப் போகிற தேங்காய் நார்த்தூளைக் கட்டியாக அழுத்தி அங்கே கடையில் விற்கிறார்கள் அதை எவ்வளவுக்கு வாங்கினாய், எல்லாம் எனக்குத் தெரியும். மிளகாய்ச் செடிக்கு இலை சுருண்டதற்கு விடியற்காலையில் எழுப்பி வைத்தியம் கேட்டாய். என் மருமகள் ஆஸ்பத்திரியில் கிடந்ததை மட்டும் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. கவலைப்படுவீர்கள் என்று சொல்லவில்லை என்பாய். சொல்லியிருந்தால் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்குமா? தெரிந்திருந்தும் கைராசி என்று வேடிக்கை பேச உனக்கு எப்படி வந்தது?

இப்போது அந்தப் பீர்க்கம்பிஞ்சு ஏன் அழுகியது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ அனுப்பிய போட்டோக்களைத் தமிழ்மொழியை விட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றில் அனெத் காலையில் காப்பிக் கோப்பையோடு நின்று தூரிகையால் பூவைத் தடவிக்கொண்டிருக்கிறாள். பீர்க்கம்பூ சாயங்காலம் விரிகிற பூ. மறுநாள் காலைக்குள் அதன் தூள் பாதி செத்துவிடும். கொல்லையில் என்றால் வண்டும் பூச்சியும் அந்தி நேரத்தில் வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போகும், கண்ணாடிப் பெட்டிக்குள் யார் வருவார்கள்? ஆண் பூவைப் பறித்து இதழைக் கிள்ளிவிட்டு, அடியில் பிஞ்சோடு இருக்கிற பெண் பூவில் அது விரிந்த வேளையிலேயே மெதுவாகத் தொட வேண்டும். இதை நான் சொல்லித் தரவில்லை, அவளுக்குத் தெரிய வழியில்லை. இது முதல் காரணம். இன்னொரு போட்டோவில் தொட்டியின் ஓரத்தில் சாம்பல் கிடக்கிறது. செடிக்குப் பூச்சி வராமல் சாம்பல் தூவுவது நம் வழக்கம், பரவாயில்லையே பிள்ளை மறக்கவில்லை என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உங்கள் வீட்டில் கரண்ட் அடுப்பு என்பது ஞாபகம் வந்தது. கரண்ட் அடுப்பில் சாம்பல் ஏது? ராத்திரியில் பால்கனிக் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு சிகரெட் பிடிக்கிறாய். அம்பாள் சன்னதியில் விட்டுவிட்டேன் என்று சொன்னவன். ராத்திரி எட்டு டிகிரி என்று நீயே எழுதியிருக்கிறாய், அந்தக் குளிரில் பீர்க்கம்பிஞ்சு எப்படி நிற்கும்? அது சூட்டுக்குப் பிறந்த கொடி. விரல் நீட்டியவள் அவள், கண்ணாடியைத் திறந்து வைத்தவன் நீ. யார் கைராசி என்று இப்போது சொல்.

இனி எழுதுவதை அனெத்துக்கு நீ அப்படியே படித்துக் காட்ட வேண்டும். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, கேட்டால் புரியும். சுருக்கிச் சொல்லாதே, வேடிக்கை சேர்க்காதே. அம்மா அனெத், மாமி பேசுகிறேன். உனக்கு நடந்தது எனக்குத் தெரிந்துவிட்டது, தமிழ்மொழி மேல் கோபப்படாதே. நான் விரல் நீட்டின பரங்கிப் பிஞ்சு அன்றைக்கு எலுமிச்சம்பழம் அளவு இருந்தது, இன்றைக்குத் தேங்காய் அளவுக்கு வந்து வைக்கோல் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதே கொடியில் யார் கண்ணும் படக்கூடாது என்று நான் இலையால் மூடி வைத்த இன்னொரு பிஞ்சு வெம்பி விழுந்துவிட்டது. வருஷா வருஷம் நான் கொல்லைக் கணக்கு எழுதுகிறவள், பிடிக்கிற பிஞ்சில் பாதி நிற்காது, யாரும் காட்டாமலே நிற்காது. பீர்க்கு ஏன் அழுகியது என்று எனக்குத் தெரியும், மேலே சிவநாதனுக்கு எழுதியிருக்கிறேன், அதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள். மாசியில் நடந்தது ஏன் என்று எனக்குத் தெரியாது. டாக்டரே காரணம் தெரியாது என்றாராமே. தெரியாத ஒன்றுக்கு உன் கையைக் காரணமாகச் சொல்ல இந்த உலகத்தில் ஒருவருக்கும் உரிமை கிடையாது, எனக்கும் கிடையாது, உன் புருஷனுக்கும் கிடையாது. நான் கத்தியது உன்னை நினைத்து இல்லை, நாக்குப் பழக்கம். சின்னப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பிஞ்சை நசுக்காமல் இருக்கச் சொல்லி வைத்தது என்கிறார் உன் மாமா. இருக்கலாம். நான் இனிமேலும் விரலை மடக்கித்தான் காட்டுவேன், பழகிவிட்டது. நீ எப்படி வேண்டுமானாலும் காட்டு.

தொட்டியெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன் என்று நீ சொன்னதாகத் தமிழ்மொழி சொன்னாள். கொடுக்காதே அம்மா. அந்தப் பீர்க்கங்கொடி இனிக் காய்க்காது, குளிர் வந்துவிட்டது, அதைப் பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் நீ பிடுங்காதே, சிவநாதன் பிடுங்கட்டும். அந்த மண்ணைக் கிளறி, உள்ளே ஜன்னல் ஓரமாக வைத்து, வெந்தயத்தை ஒரு ராத்திரி ஊறவைத்துத் தூவு. பூக்க வேண்டாம், காய்க்க வேண்டாம், முளைத்துக் கொஞ்சம் வளர்ந்ததும் கிள்ளிக் குழம்பில் போடலாம், திரும்பவும் தூவலாம். எனக்குத் தெரிந்த விதைக்கிற பட்டமெல்லாம் உங்கள் ஊருக்குச் செல்லாது. இங்கே ஆடியில் கையை உதறினால் முளைக்கும், அங்கே சித்திரையில் விளக்கடியில் முளைக்க வைத்து வைகாசி பிறந்த பிறகுதான் பால்கனிக்குக் கொண்டுபோக வேண்டுமாம், தமிழ்மொழி தேடிப் பார்த்துச் சொன்னாள். பீர்க்கு அப்போது போடலாமா வேண்டாமா என்பது உன் இஷ்டம். போடு என்று நான் சொல்ல மாட்டேன்.

சிவநாதா, படித்துக் காட்டிவிட்டாயா? இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. போர் தண்ணீர் இந்த வருஷம் இன்னும் கரிக்கிறது, அரிசி கழுவின தண்ணீரைத்தான் கொடிக்கு ஊற்றுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, ரகசியமாக பிஸ்கட் தின்கிறார், நீ கேட்டால் இல்லை என்பார். புடலை நன்றாகக் காய்க்கிறது, சஃபியா வீட்டுக்கும் கொடுக்கிறேன், நேற்று அவள் வந்து பரங்கியைப் பார்த்துவிட்டு, “ஒங்க விரலுக்குப் பயந்துக்கிட்டுத்தான் இப்புடி வளருதுக்கா” என்றாள். அந்தக் காயை நான் வெட்டப் போவதில்லை, முற்றட்டும்.

உங்கள் இரண்டு பேருக்கும் அம்பாள் துணை இருப்பாள், நீடூழி நன்றாக இருங்கள். சிகரெட்டை விடு, ராத்திரியில் கண்ணாடிக் கதவைச் சாத்து, அவளிடம் உன் வாயால் மன்னிப்புக் கேள், அதற்கு நான் கடிதம் எழுத முடியாது. தமிழ்மொழி இதைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்புவாள், தாளைத் தபாலில் அனெத் பெயருக்குத்தான் போடுகிறேன். பதில் உன்னிடமிருந்து எனக்கு வேண்டாம். அவள் எழுதட்டும், பிரெஞ்சில் எழுதினாலும் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துக்கொண்டு அப்பா படித்துச் சொல்லுவார், இரண்டே வரி என்றாலும் போதும். சீக்கிரம் எழுதச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
சோ. நீலாயதாட்சி