துரைக்கு வைத்த பொங்கலா அது?

இல்லவே இல்லை அக்கா. ஆனால் இந்தப் புத்தகத்துப் படத்தில் குனிந்திருப்பது நீதான். முகம் தெரியாவிட்டால் என்ன, முந்தானையை முறுக்கி இடுப்பில் செருகியிருக்கிற விதம் ஒன்று போதாதா எனக்கு? இன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். உன் மகள் செல்வி ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். கற்பூர வாசமும் புதுத்தாள் வாசமும் சேர்ந்து அடித்தது.

"சின்னம்மா, இது அம்மாதானே?"

"அம்மாதான். எதிர்ல தொப்பி போட்டு நிக்கிறது டி.ஓ. தொரை."

நம் மாவட்டத்துக்கு அதிகாரியாக இருந்தாரே, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலத்தில், நாம் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போடச் சொன்னவர், அவரேதான். அவருடைய மகள் அப்பாவைப் பற்றி எழுதிய புத்தகமாம். எனக்குத் தோட்டத்துப் பள்ளியில் படித்த தமிழோடு சரி, செல்விதான் வாசித்துச் சொன்னாள். துரை தங்கமானவராம். அவர் போட்ட வேலியால்தான் நாமெல்லாம் நிம்மதியாகத் தூங்கினோமாம். தோட்டத்து ஜனங்கள் அவரைச் சாமியாகக் கும்பிட்டார்களாம். அதற்குச் சாட்சி உன் படம். அடியில் எழுதியிருக்கிறது: தமிழ்ப் பெண்கள் அப்பாவின் காலடியில் பொங்கல் வைத்து வணங்குகிறார்கள்.

அதை வாசித்ததும் செல்வியின் முகம் தொங்கிப்போனது. "எங்கம்மா போயி வெள்ளைக்காரனுக்கா பொங்கல் வச்சாங்க?"

"அடியே, அது உனக்கு வச்ச பொங்கல் லா!" என்றேன்.

அவளுக்கு எப்படித் தெரியும்? அப்போது கைக்குழந்தை. அம்மை போட்டுக் கண் திறக்காமல் கிடந்தாள். 'பொழைக்க வச்சிரு தாயே, உன் கண்ணெதிர்ல பொங்க வைக்கிறேன்' என்று நீ வேண்டிக்கொண்டாய். பிழைத்தாள். அம்மை வந்ததைப் பிள்ளை காதுபடப் பேசினால் திரும்பி வந்துவிடும் என்ற பயத்தில், நீ சாகும்வரை அவளிடம் இதைச் சொல்லவே இல்லை.

மாரியம்மன் கோயிலோ கம்பிக்கு அந்தப் பக்கம், புக்கிட் ரோத்தான் போகிற ரோட்டோரம். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனால் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து பார்த்துப் பிடுங்கிவைத்துவிட்டு அனுப்புவார்கள். "வீட்டுக்குள்ளயே வச்சிரு, அம்மன் ஏத்துக்கும்" என்றார் நம்மை வேலை வாங்குகிற மண்டோர். "நான் சொன்ன வாக்கு அது இல்ல மண்டோரே" என்றாய் நீ.

பிறகு நீ செய்த காரியம்! அரிசிதானே கேட்டைத் தாண்டக்கூடாது? கேட்டுக்கு இந்தப் பக்கமே, கம்பியை ஒட்டிக் கல் கூட்டிப் பானையை வைத்தாய். நேர் எதிரே கோயில், நடை திறந்திருக்கிறது. நான் அடுப்பு ஊதி ஊதிக் கண்ணெல்லாம் புகை. பொங்கி வரப்போகிற நேரத்தில், வேலியைப் பார்க்க வந்த துரை, படம் எடுக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு காரிலிருந்து இறங்கி, சரியாகக் கேட்டில் வந்து நின்றார். கோயிலே தெரியவில்லை. அப்போது எடுத்த படம்தான் இது.

நீ கோழி விரட்டுகிற மாதிரி கையை வீசினாய். "தள்ளுங்க தொரே, தள்ளுங்க. அம்மன் பாக்கணும்."

துரையோடு வந்த ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணிக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ, தொரைகிட்ட இப்படியா பேசறது?"

"அப்ப நீ இங்கிலீசுல மரியாதையா சொல்லேன் லா!"

இதைக் கேட்டுச் செல்வி சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதாள். பிறகு கோபம் வந்துவிட்டது. "அந்தம்மாவுக்கு எழுதறேன் பாருங்க. உங்கப்பா நந்தி மாதிரி மறைச்சிக்கிட்டு நின்னாரு, எங்கம்மா அவர வெரட்டுனாங்கன்னு!"

"எழுது. ஆனா பதமா எழுது. அதுவும் அப்பனப் பறிகொடுத்த பொண்ணுதானே" என்றேன். வீட்டுக்குப் போய்த் துரை என்ன சொன்னாரோ, அதைத்தானே மகள் எழுதுவாள்? உன்னைப் பற்றி ஒரு புத்தகம் எழுது என்றால் செல்வி மட்டும் உன் கோபத்தையும் பிடிவாதத்தையுமா எழுதப்போகிறாள்?

நாளைக்குப் பேனாவோடு வருகிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுவாளாம். இன்றைக்கும் நான் பொங்கல் வைத்தால் எதிரே ஒருவரையும் நிற்க விடுவதில்லை, எல்லாம் உன்னிடமிருந்து வந்த பழக்கம். பால் வெட்டுகிற வெட்டுக்காட்டில் நாம் இந்தக் கதையை எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்போம்! துரை கல் மாதிரி அசையவே இல்லை, நீதான் பானையைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாய் என்று முடிப்போம். அதையே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அடுப்பேற்றிய பொங்கல் பானையைப் பாதியில் நகர்த்துகிற ஆளா அக்கா நீ?

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நகர்ந்தது துரைதான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பானை பொங்கி வழிகிறவரைக்கும் அந்த முள்கம்பியோடு ஒட்டி நின்றார். படக்காரன் அதற்குள் பெட்டியை மூடிவிட்டான்.