நீ அனுப்பிய ஷூவும் இன்ஸ்பெக்டரின் பல்லும்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், அம்மா நலம், நாய் தேவைக்கு மேலேயே நலம். நலமில்லாமல் இருப்பது நீ அனுப்பிய ஷூ மட்டும்தான். நீயும் மருமகளும் குட்டியும் சளி இருமல் இல்லாமல் இருப்பதாக நம்புகிறேன். நீ ஃபோனில் எல்லாரும் சூப்பரா இருக்கோம்பா என்று சொல்லும்போதெல்லாம் பின்னால் யாரோ தும்முவது கேட்கிறது, இருந்தாலும் நம்புகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்களைச் சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்றதில் சம்பளம்தான் நின்றது.

ஷூ காலுக்குப் பழகிடுச்சாப்பா, பழகிடுச்சுன்னா சொல்லுங்க டிக்கெட் போட்டுடறேன் என்று நீ கேட்கும்போதெல்லாம் நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வந்தேன் அல்லவா, சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஷூதான் சரியில்லை. ஃபோனில் இதைச் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள், அதனால்தான் கடிதம். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள், கடிதத்தில் உனக்கு வேறு வழியும் இல்லை. பார்சல் வந்த அன்று பெட்டியைத் திறந்து ஷூவைக் கூடத்தில் நாற்காலிக்கு அடியில் வைத்தேன். உள்ளே கம்பளி வைத்துத் தைத்த நல்ல தோல் ஷூ, உங்கள் ஊர்க் குளிருக்கு இது இல்லாமல் தெருவில் இறங்கக்கூடாது என்று நீ எழுதி வைத்திருந்த சீட்டையும் படித்தேன். அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரொம்ப நல்லாயிருக்கு, போட்டுப் பழகுங்க, நாம போறதுன்னு முடிவாயிடுச்சே என்றாள். அவள் குரலில் இருந்தது பேரப்பிள்ளையைப் பார்க்கப்போகிற சந்தோஷம் என்று நான் எடுத்துக்கொண்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும். நான் குளித்துவிட்டு வருவதற்குள் இடது ஷூவின் குதிகால் பக்கமும் நாக்கும் கந்தல். பக்கத்தில் நம் நாய் உட்கார்ந்திருந்தது. வாசலுக்கு வருகிற எல்லோரையும் அது முகர்ந்து விசாரிக்கிறது என்பதால் நீ இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்துவிட்டுப் போனாய், இப்போது இன்ஸ்பெக்டரே குற்றவாளி.

அதை நான் அடிக்கவில்லை. நாங்கள் உன்னோடேயே இருந்துவிடக் கிளம்பினால் அது பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் போகப்போகிறது, மருமகளுக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது என்று நீ சொல்லிவிட்டாய், கிளம்பப்போகிற ஜீவனை எதற்கு அடிப்பது. ஷூவை நானே சரிசெய்வது என்று முடிவு செய்தேன். நான் ஒன்றைப் படித்துவிட்டால் அதைச் செய்யாமல் விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும், உன் சைக்கிள் இன்னும் மொட்டைமாடியில் பாகம் பாகமாக இருக்கிறது. தோலுக்கு ட்யூப் பசை ஆகாது, தச்சர்கள் காய்ச்சுகிற வஜ்ஜிரம்தான் நிற்கும் என்று ஒரு பழைய புத்தகத்தில் படித்திருந்தேன். கடையில் கட்டியாக விற்கிறார்கள், தண்ணீரில் ஊறப்போட்டு இளஞ்சூட்டில் உருக்கினால் தேன் பதத்துக்கு வரும். பிய்ந்த நூல்களைக் கத்திரித்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, அம்மாவின் பழைய கைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தோல் வெட்டி உள்பக்கமாக ஒட்டி, மேலே பசையைத் தடவி மழமழவென்று ஆக்கி, கறுப்பு பாலிஷ் போட்டேன். வேலை முடியும்வரை இன்ஸ்பெக்டர் என் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தது. குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன். மறுநாள் ஒட்டுப் போட்ட இடம் மட்டும் காணோம், சுற்றிலும் ஒரு பல்கூடப் படவில்லை. அப்புறம்தான் உறைத்தது, வஜ்ஜிரம் என்பது எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. நாய் கடித்த ஷூவை எலும்புச்சாறு பூசிச் சரிசெய்தவன் இந்தத் தெருவிலேயே நான் ஒருவன்தான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள், உள்ளேயிருந்து பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. பல் டாக்டர் வந்து பார்த்துவிட்டு சார், கடி ரொம்ப சுத்தமா இருக்கு, கீழ்வரிசைதான் லேசா கோணல் என்று பாராட்டினார். நாய்க்கா ஷூவுக்கா பாராட்டு என்று தெரியவில்லை. மீதிப் பசை இருந்த கிண்ணத்தைப் பால்கனி மாடத்தில் போட்டேன், அது கல்லாக இறுகிவிட்டது.

இரண்டாவது தடவை வீராப்பை விட்டுத் தெருமுனைச் செருப்புக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவர் மெழுகு நூலால் குதிகாலைச் சுற்றித் தைத்து, சொல்யூஷன் போட்டு ஒட்டி, சார் இந்த நாத்தத்துக்கு நாய் என்ன, நீங்களே ரெண்டு நாளைக்குக் கிட்ட போகமாட்டீங்க என்று உத்தரவாதம் கொடுத்தார். அதையும் நம்பாமல் ஷூவைத் துணி அலமாரியின் உச்சியில் வைத்தேன். நாற்றம் போனதும் போட்டு நடக்கலாம், நடந்ததும் உனக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். சொன்னால் டிக்கெட் வந்துவிடும், வந்தால் வீடு வாடகைக்குப் போய்விடும், இன்ஸ்பெக்டர் பல் டாக்டரிடம் போய்விடும் என்பதையும் நினைக்காமல் இல்லை. ஆனால் அம்மா குட்டியின் ஃபோட்டோவைத் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்க்கும்போது வாயைத் திறக்க மனம் வருமா? மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்தால் ஷூ நாய் படுக்கிற சாக்குக்கு அடியில் கிடக்கிறது, தையல் பிரிந்து நாக்குத் தொங்குகிறது.

இப்போதுதான் எனக்குப் பழைய உத்தியோகம் திரும்பி வந்தது. இன்ஸ்பெக்டர் கட்டில்மேல் ஏறுவதற்கே யோசிக்கிற நாய், அது அலமாரி உச்சிக்கு ஏறியது என்று ஒருவன் நஷ்ட ஈடு கேட்டிருந்தால் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். முதல் சந்தேகம் பல் டாக்டர்மேல். நாயை எடுத்துக்கறேன் என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்ட மனிதர், நாங்கள் போகாமலிருந்தால் அவருக்கு லாபம், உயரமும் இருக்கிறது. ஆனால் அன்று அவர் வீட்டில் பூட்டு. இரண்டாவது சந்தேகம் என்மேலேயே, தூக்கத்தில் நடக்கிறேனோ என்று. அப்புறம் ஷூவை முகர்ந்து பார்த்தேன். சொல்யூஷன் நாற்றத்துக்கு மேலே வேறொரு வாசனை. இன்ஸ்பெக்டரின் மீசையில் பிசுபிசு என்று என்னவோ ஒட்டியிருந்தது. பால்கனிக்குப் போய்க் கிண்ணத்தைத் தொட்டேன். இளஞ்சூடு. உள்ளே தேன் பதத்தில் பசை. சமையலறை முக்காலி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றது. அம்மா கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்க்காமல் என்னங்க, மறுபடியுமா, இந்த நாய் ரொம்ப மோசம் என்றாள். அவள் வாழ்க்கையில் இன்ஸ்பெக்டரைக் குறை சொன்னது அது ஒரு தடவைதான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. விசாரணையில் முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றான். கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, அவள் காப்பி போடும்போது கைபடுகிற இடத்தில் அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து மறுபடியும் ஊசி நூலோடு ஷூவைத் தைக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் கிண்ணமும் கையுமாக வந்து நின்றாள். தெரிஞ்சிடுச்சா என்றாள். தெரிஞ்சிடுச்சு என்றேன். அப்புறம் எதுக்கு மறுபடி தைக்கறீங்க, அவ்வளவு ஆசையா அங்க போக, ராத்திரி பகலா அந்த ஷூவை மடியில வெச்சுத் தடவிட்டு இருக்கீங்களே, நான் எப்படிங்க வேண்டாம்னு சொல்றது என்று கேட்டாள். எனக்கா ஆசை, நீதானே போட்டோவைத் துடைச்சிட்டே இருந்தே என்றேன். தூசி இருந்துச்சு, துடைச்சேன் என்றாள். பேரனைப் பார்க்கணும்தான், ஒரு மாசம் இருந்துட்டு வரணும், ஆனா வீட்டை ஒருத்தன்கிட்ட கொடுத்துட்டு இவனை இன்னொருத்தன்கிட்ட கொடுத்துட்டு அங்கேயே உட்கார்ந்துக்க என்னால ஆகாது, பையன்கிட்ட சொன்னா மனசு உடைஞ்சிடுவான், நாய் கடிச்சா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க என்றாள். பிறகு உட்கார்ந்து அழுதாள், வெங்காயமாகவும் இருக்கலாம். எனக்கும் போக இஷ்டமில்லை என்று சொன்னேன். பாவி மனுஷா, அதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் முக்காலி மேல ஏறியிருக்க வேண்டாமே, முட்டி இன்னும் வலிக்குது என்றாள்.

ஆகவே டிக்கெட் போடாதே. இருந்துவிட வரமாட்டோம். பார்த்துவிட்டுப் போக வருவோம், குளிர் குறைகிற மாதம் எது என்று சொல், நாங்கள் திரும்பும்வரை இன்ஸ்பெக்டரை வைத்துக்கொள்வதாகப் பல் டாக்டர் சொல்கிறார், போனால் திரும்பி வந்துவிடுவோம் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உனக்கு வருத்தம் இருந்தால் இருக்கட்டும், அதை மறைத்து சூப்பரா இருக்கோம்பா என்று சொல்லாதே, இந்த வீட்டில் மறைத்து வைத்ததெல்லாம் கடைசியில் நாய் வாயில்தான் போய் நிற்கிறது. ஷூவுக்கு மூன்றாவது ஒட்டு நன்றாகவே நின்றுவிட்டது. விமானம் ஏறுவதற்கு வாங்கியதைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் இன்ஸ்பெக்டரைத் தெருமுனைவரை கூட்டிப்போகிறேன், உள்ளே கம்பளி இருப்பதால் வியர்க்கிறது. செருப்புக் கடைக்காரர் என் காலைப் பார்த்துத் தன் தையல் இல்லை என்று தினமும் சொல்கிறார். நீ உன் ஷூவை ஈரத்தோடு ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே, தோல் வெடிக்கும், உள்ளே காகிதம் திணித்து நிழலில் காயவிடு. குட்டி தும்மினால் டாக்டரிடம் காட்டு. மருமகளை விசாரித்ததாகச் சொல். உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசி, எந்த ஊரில் இருந்தாலும் மனசில் இருப்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நிறைய நாள் நன்றாக இருங்கள். நீ இங்கே வரும்போது ஒன்றை மறக்காதே, ஷூவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கு, அலமாரி உச்சியில் மட்டும் வைக்காதே. நீ திரும்பிக் கிளம்புகிற நாள் நெருங்க நெருங்க, அம்மாவின் முட்டி வலி சரியாகிவிடும் என்று எனக்குச் சந்தேகம்.

இப்படிக்கு,
தையல் ஊசியைக் கீழே வைத்துவிட்ட
உன் அப்பா