சிவந்த காட்டில் சிவப்புப் பசு

மே 11

அன்பு மருமகள் நில்தாவுக்கு உன் மாமன் உபெர்லிந்தோ எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் குதிரைகளும் கோழிகளும் சுகம், உன் பசு கிந்தாவும் சுகம், வடக்கே அந்தப் பாலைவனச் சுரங்கத்தில் நீயும் அப்படியே இருக்க மாதா துணை. கிந்தா சுகம் என்று இன்றைக்குத்தான் பொய்யில்லாமல் எழுத வருகிறது, இத்தனை நாள் கடிதம் வராததற்கு அதுதான் காரணம், கோபிக்காதே.

ஏப்ரல் கடைசி ஞாயிறு குதிரைப் பந்தயத்தைத் தொடங்கிவைக்க ஒரு மணி வேண்டுமென்று ஊரே என்னிடம் வந்து நின்றது, இந்த மலையில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், கிந்தாவின் கழுத்து மணியைக் கழற்றிப் போய் இரண்டாயிரம் பேர் முன்னால் அடித்தேன். உன் அம்மா நாற்பது பேர் என்கிறாள். திரும்பக் கட்ட மறந்துவிட்டேன். மறுநாளே கிந்தா மலைமேல் ஏறிப் போய்விட்டாள். நம் தென்கோடியில் இலையுதிர் காலத்தின் கடைசி வாரம், லெங்கா மரமெல்லாம் அடிமுதல் நுனிவரை சிவந்து நிற்கிறது, அவளும் அதே சிவப்பு. உன் அப்பா உனக்கென்று வளர்த்துவிட்டுப் போன பசு, பனி விழுந்து மலை மூடினால் அவ்வளவுதான். வாசனையை வைத்தே மாட்டைக் கண்டுபிடிக்கிற நான் எட்டு நாள் அலைந்தேன். பக்கத்து வீட்டு ஆர்ஹிமிரோ வேலியில் சாய்ந்துகொண்டு, "அண்ணே, செவந்த காட்டுக்குள்ள செவப்பு மாட்ட மணியில்லாம விட்ட ஆளு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான்" என்றான்.

ஒன்பதாம் நாள் உன் அம்மாவும் குதிரையேறி வந்துவிட்டாள். உன் அப்பா போனபிறகு நாலு வருஷமாக மலைப்பக்கம் போகாதவள். வழிநெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தவள் மேலே போனதும் திட்டை மறந்து அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலும் சிவப்பு, காலடியிலும் சிவப்பு, குளம்புச் சத்தமே கேட்காத அளவுக்கு இலை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் குடித்தாள், ரொட்டி முழுசும் தின்றாள், காட்டுரோஜாப் பழம் பறித்து மடி நிறையக் கட்டிக்கொண்டாள், மாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. பொழுது சாய்வதற்குள் நான்தான் எழுப்பிக் கூட்டிவந்தேன்.

மறுநாள் கிழக்குக் காற்று. என்னையே இருபதடி தூக்கிப் போட்டது. ஒரே பகலில் மலை மொட்டை. அடுத்தது பனிதான் என்று நான் கையை விரித்துவிட்டேன். காற்று ஓய்ந்ததும் வாசலில் நின்ற உன் அம்மா, "அங்க பாருடா, ஒரு மரம் மட்டும் இலை உதுக்காம நிக்குது" என்றாள். மரமில்லை நில்தா, கிந்தா. நாங்கள் மாத்தே குடித்த இடத்திலிருந்து முப்பதடி மேலே அசைபோட்டபடி நிற்கிறாள். இறக்கி வந்த மூன்றாம் நாள் பனி கொட்டியது. அந்தக் காற்றைக் கூப்பிட்டதே நான்தான் என்று ஆர்ஹிமிரோவிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

மணியை நான் திரும்பக் கட்டும்போது உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். "அடுத்த ஏப்ரல்லயும் கழட்டி விட்டுருடா, தேடப் போவோம்" என்றாள்.

உறையில் இருப்பது அவள் உட்கார்ந்த மரத்தின் இலை, உனக்கென்று அவளே பொறுக்கியது. தொண்டையைக் குளிரில் விடாதே. அடுத்த ஏப்ரலுக்கு இப்போதே லீவு கேட்டு வை. கடவுள் உன்னைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும்.

மலை முழுக்கப் பேர் தெரிந்த உன் மாமன்,
உபெர்லிந்தோ