முசியே வீட்டு மடக்குக் கம்ப்யூட்டர்

3 ஏப்ரல் 1989, திங்கள்

காலை முதல் வகுப்புக்கு நாலே பேர். மற்ற டைப் மெஷின்கள் உறையோடு கிடந்தன. போன வருஷம் இந்நேரம் ஒரு மெஷினுக்கு ரெண்டு பேர் சண்டை போட்டார்கள். நாகப்பட்டினத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்துவிட்டார்களாம், பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள்.

இன்ஸ்டிடியூட் முதலாளி முசியே ஆத்ரியேன் இன்று நேராகவே சொல்லிவிட்டார். ஜூனில் பிரான்சுக்கு, மகன் லெயோனிடம் போகிறார். மே மாத லீவு வகுப்பில் நாமும் கம்ப்யூட்டர் தொடங்கிவிட்டால் இடத்தை என் பொறுப்பில் விட்டுப் போவாராம். இல்லையென்றால் பாத்திரக்கடைக்காரருக்கு வாடகைக்கு விடுவாராம்.

"உன்னை அனுப்பணும்னு இல்லம்மா தையலு. பூட்டிப் போட்டு என்ன பண்றது?"

அவர் சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல். கோபப்படக்கூட வழியில்லை.

டைப் அடிப்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

5 ஏப்ரல்

கம்ப்யூட்டர் இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு வந்த லெயோன் விட்டுப் போனது. மடித்து மூடினால் கைப்பெட்டி அளவுதான். ஆனால் அதை ஓட்டுகிற பிளாப்பியில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கடற்காற்றில் அப்பளமே நமுத்துப் போகிற ஊர், பிளாப்பி எம்மாத்திரம்? இப்போது சுவிட்ச் போட்டால் பிளாப்பி கேட்கிறது. அவ்வளவுதான், மேலே ஒரு அடி நகராது.

அது ஓடியபோதும் எனக்கு நிம்மதி இல்லை. பிரெஞ்சுக் கீபோர்டு. Q இருக்கவேண்டிய இடத்தில் A. L-க்குப் பக்கத்தில் M. டைப்பிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கியவள், கோழி கொத்துகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன். முசியேவுக்கு மட்டும் குஷி. மேரியில், அதாவது நகராட்சி ஆபீசில், குமாஸ்தாவாக இருந்த காலம் முழுக்க பிரெஞ்சு மெஷினில் அடித்தவர். காரைக்காலில் இதைப் பார்க்காமல் அடிக்க அவர் ஒருத்தர்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

9 ஏப்ரல், ஞாயிறு

முசியேவின் தங்கை மகள் ழானெத் பாரீஸிலிருந்து வந்திருக்கிறாள். லெயோன் அவளிடம் புது பிளாப்பிகள் கொடுத்தனுப்பியிருக்கிறார். பழைய பிளாப்பியில் இருந்தது இல்லை இது, கம்ப்யூட்டரை ஓட்ட வேறு புரோகிராம். யாரோ ஒரு வாத்தியார் தன் மாணவர்களுக்காக எழுதியதாம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து படிக்கலாம், மாற்றலாம், பிரதி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் நெரவி கூட்டுறவு சொசைட்டி வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "சமையல் குறிப்பையும் சேத்துக் குடுக்குறானா? அப்ப சாப்பாடு சுமாராத்தான் இருக்கும்," என்கிறார். இந்த மனுஷருக்கு எல்லாமே விளையாட்டு.

14 ஏப்ரல்

வருஷப் பிறப்பு. அம்பகரத்தூர் போய் அம்மனிடம் கம்ப்யூட்டருக்காக வேண்டிக்கொண்டேன். அவளுக்கு என்ன புரிந்ததோ.

15 ஏப்ரல், சனி

கெட்டது.

காலையில் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். பிளாப்பி நுழைகிற வாய்ப்பக்கம் வேண்டாம் என்று முசியே தள்ளி வைக்கச் சொன்னார். அவர் சிலுவை போட்டுக்கொண்டார். லெயோன் பிரெஞ்சில் எழுதி அனுப்பிய காகிதத்தை அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, நான் கீயைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். ஒரு பிளாப்பியை எடுத்து அடுத்ததைப் போடு என்றது, போட்டேன். பெயர் கேட்டது. root என்று அடித்தேன். உள்ளே விட்டது! முசியே என் தோளில் தட்டினார்.

அடுத்த வரியிலிருந்து ஒன்றும் ஆகவில்லை. எதை அடித்தாலும் அப்படி ஒன்று இல்லை என்கிறது. M-ஐ அழுத்தினால் அரைப்புள்ளி விழுகிறது. A-யைத் தொட்டால் வேறு என்னவோ. மூடித் திறந்து பார்த்தோம், அதேதான்.

நான்தான் கெடுத்துவிட்டேனோ? குங்குமம் உள்ளே போயிருக்குமோ? முசியே லெயோனின் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. லெயோனுக்கு டிரங்க் கால் போட்டார், லைன் கிடைக்கவில்லை.

17 ஏப்ரல்

பாத்திரக்கடைக்காரர் டேப்போடு வந்து ஹாலை அளந்தார். வகுப்பு நடக்கும்போதே. பிள்ளைகள் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "கையை நிறுத்தாதீங்க" என்றேன். குழம்பில் இன்று உப்பே போடவில்லை.

18 ஏப்ரல்

எழுதக் கை ஓடவில்லை. நிதானமாக எழுதுகிறேன்.

முசியேவுக்கு இன்று கண் டாக்டரிடம் போகவேண்டியிருந்தது. படித்துச் சொல்ல ஆளில்லை என்று நேற்றே அவரிடம் கேட்டு, அடிக்கவேண்டியதை எல்லாம் பெரிய எழுத்தில் எழுதி வாங்கியிருந்தேன். அந்தக் காகிதத்தை வழக்கம்போல இடது பக்கம் நிமிர்த்தி வைத்தேன். காகிதம் பக்கத்தில் இருந்தால் என் கண் கீபோர்டுக்குப் போகாது, பழக்கம் அப்படி. ஒரு வரி அடித்து முடித்துத் திரையைப் பார்த்தால் — சரி! கேட்டது வந்து நிற்கிறது. அடுத்த வரி, அதுவும் சரி. கீயைப் பார்த்து அடித்தால் தப்பு, பார்க்காமல் அடித்தால் சரி.

அப்புறம் புரிந்தது. இது பிரெஞ்சுக் கீபோர்டு என்று மெஷினுக்குச் சொல்லி வந்தது அந்தப் பழைய பிளாப்பிதான். புதுசுக்கு அது தெரியாது. எல்லாக் கீபோர்டும் நம் இங்கிலீஷ் மெஷின் மாதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் ஒன்றையும் கெடுக்கவில்லை. அழுதேன், அப்புறம் எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன்.

19 ஏப்ரல்

முசியேவை உட்காரவைத்து ஓட்டிக் காட்டினேன். சந்தோஷப்பட்டார். "நகரு, நானும் அடிக்கிறேன்," என்றார். என்னைப் பார்த்துக்கொண்டே, கீபோர்டைப் பார்க்காமல், தன் பெயரை அடித்தார்.

Qdrien.

இன்னொரு தரம் அடித்தார். அப்படியேதான். நான் அவசரமாகக் காரணம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிப்போனது.

"அப்ப இது என் மெஷின் இல்ல. உன்னுது," என்று எழுந்து போய்விட்டார்.

அவர் அடிப்பார் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை?

24 ஏப்ரல்

அவர் இன்ஸ்டிடியூட் பக்கமே வரவில்லை. டைப் வகுப்புக்கு மே வரை லீவு விட்டதும் ழானெத் வந்து சாவியை மட்டும் வாங்கிப் போனாள். ஏன் என்று கேட்கப் பயம். பாத்திரக்கடைக்காரருக்குத்தான் இருக்கும். கம்ப்யூட்டர் வகுப்பு ஓடுகிற நிலையில் இருந்தும் இப்படியா போகவேண்டும்? தப்பு யார்மேல் என்று தேடிப் பார்க்கிறேன், ஒருத்தரும் அகப்படவில்லை.

29 ஏப்ரல்

ஹாலை அளந்தவரை மார்க்கெட்டில் பார்த்தேன். திருநள்ளாறு ரோட்டில் வேறு இடம் பார்த்துவிட்டாராம். "உங்க முசியே முடியாதுன்னுட்டாரே, தெரியாதா?" என்றார். வாங்கிய கீரையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

1 மே, திங்கள்

லீவு. நாளை கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்க ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சாவி இல்லாவிட்டாலும் வாசலையாவது பெருக்கலாம் என்று போனேன். கதவு திறந்திருந்தது, உள்ளே முசியே. பசை, கத்தரிக்கோல், மேஜையெல்லாம் காகிதத் துணுக்கு. மெஷினின் A மேல் சின்ன வெள்ளைக் காகிதம், அதில் Q. Q மேல் A. M மேல் அரைப்புள்ளி. அப்படியே ஒவ்வொரு கீயும், மேரி குமாஸ்தாவின் அந்த அச்சுக் கையெழுத்தில். ஒரு வாரமாக இதைத்தான் செய்திருக்கிறார். கண் சரியில்லாத மனுஷர்.

"பிள்ளைங்க கொழம்பக் கூடாதுல்ல," என்றார். சாவிக்கொத்தை என் பக்கம் தள்ளினார்.

அவர் போன பிறகு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கீயைப் பார்க்காமல் அடி, பார்க்காமல் அடி என்று வருஷக்கணக்காகக் கத்துகிறவள் நான். இன்று சாயங்காலம் வரை ஒரு எழுத்துகூட அடிக்காமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.