தறிக்குழியில் பழுத்த சீத்தாப்பழம்

சங்கரிக்கு,

தறிக்குழியில் வைக்கோலுக்குள் வைத்த மூன்று சீத்தாக்காய்களில் இரண்டு பழுத்துவிட்டன! நீ என்னோடு பேசாத இந்த மூன்று நாளும், தறி மிதிக்கும் சாக்கில் கால் கட்டைவிரலால் அவற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்று காலை ஒன்றில் விரல் உள்ளேயே போய்விட்டது. அது என் பங்கு, தின்றுவிட்டேன். முழுசாக இருப்பது உனக்கு, தட்டில் மூடியிருக்கிறது.

மூன்றாவது கறுத்துக் கல்லாகிவிட்டது. "கண்ணு விரியறதுக்குள்ள பறிச்சிக்கினு வந்தா எப்படிப் பழுக்கும்? உங்கப்பாவையே கேளும்மா" என்று நம் மகள் யாழினியிடம் சொன்னாயே, அதற்கு அதுதான் பதில். அணிலுக்குப் பயந்து அவசரப்பட்டேன். நீ விதை போட்டு நான்கு வருஷம் காத்திருந்த மரம். நான் நான்கு நாள் பொறுத்திருக்கலாம்.

இப்போது பெரிய செய்தி. என் கண்ணுக்குத் தப்பிய ஒரு காய் சுவரோரக் கிளையிலேயே பழுத்திருக்கிறது. கண்கள் நன்றாக விரிந்து, இடுக்கெல்லாம் வெளுத்திருக்கிறது. அணில் தொடவில்லை. நானும் அழுத்திப் பார்க்கவில்லை, சத்தியமாக! துண்டால் சுற்றி வைத்திருக்கிறேன். நீயே பறி.

நூல் வாங்கப் பிள்ளையார்பாளையம் போகிறேன். சாவி மீட்டர் பெட்டி மேல். ரசத்தைச் சுட வைத்துக்கொள்.

குமரகுரு

பி.கு.: கட்டைவிரலைத் தினமும் சோப்பு போட்டுத்தான் கழுவினேன்.

இன்னொன்று: மரத்தில் பழுத்தது இனிப்பா, குழியில் பழுத்தது இனிப்பா என்று தின்று பார்த்துச் சொல். யாழினியிடம் சொல்லி அனுப்பாதே. என்னிடமே சொல். அதைக் கேட்கவே ஒரு மணிக்குள் வந்துவிடுவேன்.