பெரட்டுக்குப் போகும் படகு

6.9.65 திங்கள். தூறல்.
படகு இன்று தொடங்கியது. அணைத் தண்ணீர் ஏறி எங்கள் கீழ்ப்பிரிவு லய வீடுகளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பிரித்துவிட்டது. காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டு அக்கரையில். சுற்றி நடந்தால் பிந்தும். பிந்தினால் வேலை இல்லையென்று திருப்பி அனுப்புவார்கள். இருந்தும் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏற மறுத்தார்கள். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா என்னைக் காட்டி, "மாஸ்டர் தீவுக்காரர், கடலுக்குள்ள பிறந்தவர். அவர் ஏறினா ஏறுவீங்களா?" என்றார். ஏறுவார்களாம். தலையாட்டிவிட்டேன்.

யாழ்ப்பாணத்து அனலைதீவில் பிறந்தது உண்மை. நீந்தத் தெரியாது. ஓய்வுபெற்ற பிறகும் ஊருக்குப் போகாமல் இந்தப் பள்ளிக்கூட அறையிலேயே கிடக்கிறேனே, எதனால்? வள்ளம் ஏறப் பயந்துதான்.

7.9.65
போனேன்.

10.9.65 வெள்ளி.
துடுப்புப் போடும் பழனியாண்டி முன்பு லொறி ஓட்டியவன். படகையும் அப்படித்தான் திருப்புகிறான். இறங்கியதும் தனியே கூப்பிட்டு, எனக்கு நீச்சல் தெரியாதென்று சொல்லிவிட்டேன். "வெளிய சொல்லிடாதீங்க மாஸ்டர். அப்புறம் ஒருத்தியும் ஏறமாட்டா" என்றான்.

என்னை நம்பி ஏறுகிறார்கள். ஏதாவது நடந்தால்? நான் செய்வது உதவியா, ஏமாற்றா? இரண்டுக்கும் நியாயம் எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

13.9.65 திங்கள். காற்று.
நடுவில் படகு சரிந்தது. ஐயோ, தாழப்போகுது என்று கத்தி, பக்கத்தில் இருந்த பேச்சியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். படகு நிமிர்ந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.
முடிஞ்சுது. இனி ஒருத்தரும் ஏறமாட்டினம். என்னாலை அவையின்ரை கூலியும் போகப்போகுது —

14.9.65 செவ்வாய்.
கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். பேச்சியம்மா வந்து தட்டினாள். எல்லோரும் படகில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கிறார்களாம்.

"எனக்கு நீந்தத் தெரியாது, பேச்சியம்மா."

"அது மொத நாளே தெரியுங்க. பலகையப் புடிச்ச புடியிலயே தெரிஞ்சிருச்சு."

பிறகு எதற்கு நான் என்று கேட்டேன்.

"நீங்க பயந்துக்குவீங்கன்னுதான் அந்தப் பழனியாண்டிப் பய கொஞ்சமாவது மெதுவா ஓட்டுறான். சாயங்காலம் நீங்க இல்லாம வர்றப்ப பாக்கணும், லொறிதான். நாங்க சொன்னா கேக்குறானா? வாங்க, நேரமாகுது."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினேன்.

15.9.65
மாலையும் போய் அவர்களோடு திரும்பினேன்.

20.9.65 திங்கள். பலத்த காற்று.
கரையிலேயே அலை. இப்போது வேண்டாம் என்றேன். பழனியாண்டி முணுமுணுத்தான், ஆனால் துடுப்பைக் கீழே வைத்தான். காற்றுத் தணிந்து போய்ச் சேர்ந்தபோது பெரட்டு முடிந்துவிட்டது. கண்டாக்கையா பெண்களைத் திரும்பிப் போகச் சொன்னார்.

"நான்தான் நிறுத்தினேன். வேலை குடுங்கோ" என்றேன். என் குரல்தானா? அவர் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வழிவிட்டார். கொழுந்துக் கூடைகள் மலைக்கு ஏறின.

காற்று மறுபடி எழும்புகிறது. மாலை அவர்களைக் கூட்டிவரப் போகவேண்டும்.